கேட் போட்டாச்சு

தேவகோட்டை ரஸ்தா போகிற வழியில்
கேட் போட்டாச்சு.
முத்துராக்கு இன்ஜினை அணைத்துவிட்டுக்
கண்ணாடியை இறக்குகிறான்.
முன்னால் சிமெண்ட் லாரி.
பக்கத்தில் பால் கேன் கட்டிய டிவிஎஸ்.
பின்னால் கல்யாண வீட்டுப் பாத்திரங்களோடு ஒரு வேன்,
நின்ற பிறகும் கரண்டிகள் கொஞ்சம் முனகுகின்றன.

கைப்பேசியில் செய்தி:
‘அன்புள்ள சிகப்பி, உங்கள் விரைவு வரிசைச் சந்தா
இன்று நள்ளிரவோடு முடிகிறது.
பழைய உறுப்பினருக்குப் பன்னிரண்டாயிரம் மட்டும்.’

மட்டும்.
காசோலையில் தொகைக்குப் பின்னால்
யாரும் எதையும் ஒட்டவைத்துவிடாதபடி
நாங்கள் போடுகிற பூட்டு அது.
இவர்கள் அதை வைத்தே கதவைத் திறக்கிறார்கள்.

ரயில் வரப் பத்து நிமிடமாவது ஆகும்.
கணக்குப் பார்த்துவிடலாம்.

போன வருடம் பதினோரு பயணம்.
ஒவ்வொன்றிலும் மிச்சம், தாராளமாகப் போட்டாலும்,
பதினெட்டு நிமிடம்.
வகுத்தால் நிமிடம் அறுபது ரூபாய் அறுபது காசு.
நான் வேலை பார்த்தால்
கட்சிக்காரர் தருவது நிமிடத்துக்கு முப்பத்துமூன்று.
சும்மா நிற்காமலிருக்க
அதைப்போல இரண்டு பங்கு கொடுத்திருக்கிறேன்.

மிச்சம் பிடித்த நிமிடங்களில்
இருநூற்றெண்பது ரூபாய்க்குக் காப்பி குடித்தேன்.
(அதையும் செலவில் சேர்க்க வேண்டும்.)
அந்த நீள வரிசையின் கடைசியில் நின்ற சிவப்புப் பைக்காரர்
பக்கத்து நாற்காலிக்கு வந்து
எனக்கு முன்பே தூங்கிப்போனார்.
விமானம் எங்கள் இருவருக்கும்
ஒரே நாற்பது நிமிடம் தாமதம்.

மாவுருண்டை டப்பாவை
எந்த வரிசையில் போனாலும் நிறுத்துகிறார்கள்.
திரையில் அது எப்படித் தெரியுமோ,
வரிசையாகப் பதினாறு குண்டு.
திறந்தால் நெய் வாசனை.
அதிகாரி மூடியை மெதுவாகத்தான் மூடுகிறார்.

டிவிஎஸ்காரன் வண்டியைச் சாய்த்துக்
கேட்டுக்கடியில் குனிந்து நுழைகிறான்.
கேட்மேன் கத்துகிறார்.
“அவனுக்குச் சந்தா கிடையாதுக்கா” என்கிறான் முத்துராக்கு.

நியாயமாக எழுதினால்,
முட்டியில் ஊசி போட்ட ஆனி மாதம்
அந்த ஒரு பயணத்துக்கு
நிமிடம் ஐந்நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.
‘நீ வாங்குவது நேரமில்லை, நிம்மதி’ என்கிறார் சேவுகன்.
அவருக்குத் தெரியாது:
சந்தா கட்டியதிலிருந்து
அரைமணி தாமதமாகத்தான் கிளம்புகிறேன்.
பதற்றம் அதேதான்,
வரிசையிலிருந்து மேம்பாலத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நடக்கும்போது
அந்தப் பக்கத்து முகங்களை நான் பார்ப்பதில்லை.
யாரும் சொல்லித்தரவில்லை,
கண் தானாகவே கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

மாசியில் ஒருநாள் விரைவு வரிசையின் பெல்ட் பழுது.
எல்லாரும் ஒரே வரிசை, வாசல்வரை.
முன்னால் நின்றவளிடம் சொன்னேன்:
இன்னும் முப்பத்தைந்து நிமிடத்தில் என் விமானம்.
அவள் எனக்குத் தெரியாத ஒரு பாஷையில்
தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னாள்.
அவர் அவருக்கு முன்னால்.
முப்பத்தொரு பேர்
தோளை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்கள்.
ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

அதை எந்தப் பக்கம் எழுதுவது?
ரசீது இல்லாத வரவை
ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.
ஆடிட்டர் நான்தான்.

ரயில் போகிறது.
பாதி ஜன்னல்களில் ஆள் இல்லை.
கேட் ஏறுவதற்குள் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிறது,
எங்கள் வண்டியும்.

தண்டவாளம் தாண்டியதும் டீக்கடை.
பால்காரன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு
எங்களையெல்லாம் வேடிக்கை பார்க்கிறான்,
அவசரமே இல்லாமல்.

‘பிறகு நினைவூட்டு’ என்பதைத் தொடுகிறேன்.
நள்ளிரவுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.