கால் மதிப்பெண்

தப்பென்றால் கால் மதிப்பெண் போய்விடும்,
தெரியாததை விட்டுவிடு என்றார்கள்
ஐந்து ரோட்டு கோச்சிங்கில்.

மலையேறும் பஸ்ஸில்
குமட்டலை அடக்கிக்கொண்டு படிக்கிறேன்.

விதி: உரிமையாளர் போகச் சொன்ன பின்னும்
இருப்பவர் அத்துமீறியவர்.
நிகழ்வு: 'அ' என்பவர் 'ஆ'வின் நிலத்தில்
முப்பது வருடமாகக் குடியிருக்கிறார்.
சொந்த அறிவைக் கலக்க வேண்டாம்.

எஸ்டேட்டில் எங்கள் ஒன்பதாம் நம்பர் லைன் வீட்டில்
கதவில் ஒட்டிய நோட்டீஸை
அம்மா கிழிக்கவில்லை.
அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டாள்.

பதினாலாவது கொண்டை ஊசியில் பிரேக்.
பென்சில் கட்டத்தைத் தாண்டிக் கோடிழுத்தது.
அழித்துவிட்டு
மறுபடியும் (இ)யையே கறுப்பாக்கினேன்.

கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். சரிதான்.
முழு மதிப்பெண்.

நாகலூரில் இறங்கி
வீட்டுக் கதவைத் தள்ளினேன்.
காலண்டர் ஒருபக்கம் ஆடியதில்
முத்திரை மட்டும் தெரிந்தது.