ஓடிய தூரம்

வண்டி தம்பியுடையது.
பென்யாத் உள்ளே போன வாரம்
சாவியைக் காகித உறையில் போட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள்.
சாம்பல் நிறப் பிக்அப். ஐந்து கியர்.
மூன்றாவது மட்டும் கெஞ்சினால்தான் விழும்.

எனக்கு வேலை தங்கச் சுரங்கத்தில்.
இரண்டு மாடி உயர லாரி,
இரவு முழுக்கக் குழிக்கும் மேட்டுக்கும்.
அதற்கு க்ளட்ச் கிடையாது. தானே யோசித்து
தானே கியர் மாற்றிக்கொள்ளும்.
என் இடது கால் பன்னிரண்டு மணி நேரம்
சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி
சும்மா உட்கார்ந்திருக்கும்.

சுரங்கத்துக்குப் போகவர கம்பெனி பஸ்.
ஆக, பிக்அப் எழுந்திருப்பது
ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு,
எல்கோவிலிருந்து ஈலி சிறைக்கு.
போக நூற்றுத் தொண்ணூறு மைல்.
வரவும் அதே.
நெவாடாவின் அந்தச் சாலை
வளைவதை மறந்துபோன சாலை.
ஐந்தாவதில் போட்டுவிட்டால்
கைக்கு வேலையில்லை, மனசுக்குத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
ரிசீவரை எடுத்ததும்
எப்படியிருக்கிறாய் என்று கேட்கமாட்டான்.
"எவ்வளவு ஓடியிருக்கு?"
உள்ளங்கையில் எழுதி வந்த எண்ணைக் காட்டுவேன்.
வங்கியில் பணம் போட்டவன் போலத் தலையாட்டுவான்.
"மூணாவது?"
அந்தக் கரகரப்பை வாயால் செய்து காட்டுவேன்.
பக்கத்துக் கண்ணாடிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவனிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.
நவம்பரில் முப்பத்தோரு அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு
முப்பத்து மூன்று போட்டேன்.
பனியில் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது காரணம்.
பார்க்க நன்றாக இருந்ததும் காரணம்.
மெக்கானிக் ரோவீனா ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை
உள்ளங்கையில் வைத்தாள், கட்டைவிரல் அளவு.
"இதையும் மாத்திடு, இல்லன்னா மீட்டர் பொய் சொல்லும்."
டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டேன்,
அபராத ரசீதுகளோடு கிடந்தது.

மூன்று முறை பொறுத்தான் பென்யாத்.
நான்காவது முறை ரிசீவரை எடுத்து
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"முன்னூத்தி எண்பது வரணும்.
முன்னூத்தி ஐம்பத்தேழுதான் வருது.
குறுக்கு வழி கண்டுபிடிச்சிட்டியா கராஸி,
இல்ல, மலைய நகர்த்திட்டாங்களா?"

சொன்னேன்.
காது சிவந்தது. சின்ன வயசில்
அவன் சைக்கிளை நான் எடுத்தபோதும் இதே சிவப்பு.
பிறகு கண்ணாடியில் விரலால்
முப்பத்து மூன்றின் கீழ் கோடு போட்டு
முப்பத்தொன்றை எழுதினான்.
எனக்குத் தலைகீழாகத் தெரியவில்லை,
இடவலமாகத் தெரிந்தது.

"எண்பத்தோரு மைல்," என்றான்.
"எண்பத்தோரு மைல் நீ வந்திருக்கே,
வண்டி வரலைங்குது."

அடுத்த வாக்கியத்துக்குப் பயந்தேன்.
"பெரிய டயருக்கு க்ளட்ச் சீக்கிரம் தேயும்.
மேட்டுல அரை மிதில நிறுத்தாத."
அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது.
எழுந்தவன் திரும்பிக் குனிந்து
"அந்தச் சக்கரத்த மாத்து.
இங்க நான் ஒவ்வொரு நாளா சரியா எண்ணிக்கிட்டிருக்கேன்,
வெளியிலயும் ஏதாவது ஒண்ணு சரியா எண்ணட்டும்."

ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கில்
அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன்.
ஒரே ஒரு போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
பழைய சக்கரத்தோடு கியர் ஆயிலும் இறங்கி
முழங்கை வரை ஓடியது.
இந்த அளவு ஒன்றுதானா
இத்தனை தூரத்தையும் சாப்பிட்டது?
கழுவாமலே ஓட்டினேன்.
மூன்றாவது அன்றும் கெஞ்ச வைத்தது.

அடுத்த முறை உள்ளங்கையைக் காட்டினேன்.
மனதுக்குள் கழித்தான். புருவம் உயர்ந்தது.

"முன்னூத்தி எண்பத்திரண்டு.
அந்த ரெண்டு?"

"பால் வாங்கப் போனேன்."

"ரெண்டு மைலுக்கு வண்டியா," என்று திட்டினான்,
பன்னிரண்டு நிமிஷம், நிறுத்தாமல்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.