கால் ஏழு

காப்பகத்துப் படிவத்தில் எழுதியிருந்தது:
முயல் இரண்டு, கால் ஏழு.
லேலோ எண்ணிப் பார்த்தாள். சரிதான்.

தாலின் நகரில், டிராம் பாதை முடியும் இடத்தில் மரவீடு.
உள்ளே ஏற்கெனவே
முரி என்கிற கிழட்டு வேட்டைநாய்,
கணப்படுப்பின் மேல் பூனை,
ஊர்மாஸ்.

ஒத்துவராது என்றான் ஊர்மாஸ்.
அவன் பிடிக்கும் முயலுக்கு என்றும் மூன்றே கால்.
இவள் தூக்கி வந்ததற்கு
நிஜமாகவே.

ஒரு வாரம் நடுவில் மூடிய கதவு.
நாயின் போர்வை அந்தப் பக்கம் போனது,
முயல்கள் படுத்த துண்டு இந்தப் பக்கம் வந்தது.
முகம் தெரியுமுன் வாசனை தெரியட்டும்.
முரி துண்டின்மேல் தலைவைத்துத் தூங்கி
தூக்கத்திலேயே ஓடியது.
எதைத் துரத்தியதோ,
லேலோவுக்கு அன்று தூக்கமில்லை.

எட்டாம் நாள் கம்பித் தடுப்பு.
வாரைப் பிடித்த கை வியர்த்தது,
உறைபனியில் டிராமை
வழுக்காமல் நிறுத்தத் தெரிந்த கை.

முரி மூக்கை நீட்டியது.
வெள்ளை முயல் வைக்கோலுக்குள் பாய்ந்தது.
சாம்பல் முயல் அசையவில்லை.
இருக்கிற ஒற்றைப் பின்னங்காலால்
பலகைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு.
தட்டிய வேகத்தில் சரிந்தது.
நிமிர்ந்தது. மறுபடி தட்டியது.

அத்தனை காடுகளில் முயல் விரட்டிய நாய்
ஊர்மாஸின் கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து
ஜன்னலைப் பார்க்கத் தொடங்கியது,
அங்கே ஏதோ வேலை இருப்பதுபோல.

பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

"இப்போ யாரை யாரிடமிருந்து காப்பாத்தணும்?"
ஊர்மாஸ் கேட்டான்.
லேலோ வாரை ஒரு விரற்கடை தளர்த்தினாள்.
தடுப்பை எடுக்கவில்லை.