பதின்மூன்று மீட்டர்

கடற்கரையிலிருந்து தாம்பரம்
முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் குறையும். குறைவதை
கோடம்பாக்கம் சிக்னலில் நின்ற நேரத்துக்கு
நேர் செய்தாயிற்று.

டூட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஓர் ஓட்டத்துக்கு ஒரு கோடு.
முந்நூற்று அறுபத்து நான்காம் கோட்டில்
நிலவை ஒரு சுற்று சுற்றியிருந்தேன்.
ஐந்நூற்றுப் பதினொன்றில் புதன்.
கார்டு எபனேசரிடம் சொல்லியிருக்க வேண்டாம், சொன்னேன்.
"அடுத்து செவ்வாயாம்மா?" என்றார்.
செவ்வாய் எனக்கு ரெஸ்ட் சார்.
சிரிப்பு அடங்கி அவர் மணி கொடுப்பதற்குள்
அரை நிமிடம் லேட்.

வியாழனைத்தான் தள்ளிப்போடுகிறேன்.
பதினாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஓட்டம்.
லீவு, மெடிக்கல் எல்லாம் சேர்த்தால்
பன்னிரண்டு வருடம்.
ராசி ராசியாக நகர்ந்து
சூரியனைச் சுற்றிவர அதற்கும் அவ்வளவுதான் ஆகிறது.
மாம்பலத்தில் குருப்பெயர்ச்சிப் பலன் விற்கிறவனிடம்
இதைச் சொன்னால்
எனக்கு என்ன ராசி என்று கேட்பான்.

ரயிலுக்கு இரண்டு முகம்.
தாம்பரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
பன்னிரண்டு பெட்டி நீளம் நடந்து
வாலுக்குப் போகிறேன்; அது தலையாகிறது.
கோளத்துக்கு இந்த நடை கிடையாது.
திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் போதும்,
புறப்பட்ட இடம் எதிரே வந்து நிற்கும்.
நான் ஒவ்வொரு முப்பது கிலோமீட்டருக்கும்
திரும்பித் திரும்பியே
பூமியைச் சுற்றினேன்.

முடிந்தது ஆயிரத்து முந்நூற்று முப்பத்தாறாம் ஓட்டத்தில்.
சேத்துப்பட்டு தாண்டி, எழும்பூருக்குள் நுழையும் முன்
மஞ்சள், பிறகு சிவப்பு.
நின்றேன். கூவத்தின் வாடை வந்தது.
லேடீஸ் பெட்டியில் யாரோ
வளையல் டப்பாவைத் திறந்து
"இரண்டே காலா, இரண்டரையா?" என்று
கை மாற்றிக் கை போட்டுப் பார்க்கும் சத்தம்
(கேட்டிருக்க முடியாது, கேட்டது).
நாற்பதாயிரத்து எழுபத்தைந்து.
எவரும் இறங்கவில்லை.
பச்சை விழுந்தது.

அன்று இரவு காஷன் ஆர்டரின் பின்பக்கத்தில்
வேறொரு கணக்குப் போட்டேன்.
பாதையின் வளைவு நெளிவை விட்டுவிட்டு,
மேடு பள்ளத்தையும் விட்டுவிட்டு
கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே
ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்டினால்
அது மண்ணுக்குள் போகும்.
கிண்டிப் பக்கம் எங்கோ
பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கும்.
நான்கு மாடி.
அவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறோம்
தினமும், ஆறாயிரம் பேரோடு,
ஒருவர் தூக்குச்சட்டியிலும்
ரசம் ஒரு பக்கம் சாயாமல்.

திரிசூலத்தில் என் தலையை உரசுகிற மாதிரி
விமானம் இறங்குகிறது.
அதில் வருகிறவர்களுக்கு
உலகம் உருண்டை என்று ஜன்னலில் தெரிந்திருக்கும்.
எனக்கு ஜன்னல் முன்னால்.
கடைசி வண்டி, பல்லாவரம் தாண்டிய இருட்டு.
ஹெட்லைட் வெளிச்சம் நேராகத்தான் போகிறது.
தண்டவாளம்தான்
அதை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக்
கீழே இறங்கிக்கொள்கிறது.