மூன்றாம் ஓலை

கருங்கல் சந்தைக்கு மட்டிக்குலை ஏற்றிவரும் வண்டி
பின்னால் எடுக்கும்போதெல்லாம்
என் கடையின் கண்ணாடி மேசை அதிரும்.
அதிர்கிற நேரம் கேபிளைத் தொடமாட்டேன்.
தொழில்சுத்தம் என்பார்கள். பயம்தான்.

மிடாலத்துச் சூசையடிமை வந்தார்.
சட்டைப்பையிலிருந்து எடுத்த போனைத்
துடைத்தார், மறுபடி துடைத்தார், வைத்தார்.
"நாளைக்கு ராத்திரி தேங்காப்பட்டணத்திலயிருந்து போட்டு போவுது.
நாப்பது நாளு.
மேப்பு தொறக்க மாட்டேங்கு, பழைய ஆண்ட்ராய்டாம்.
எனக்க அளியனுக்கு நீதானே புதுசு ஏத்திக் குடுத்தே?
இதும் அதே போனு. ஒரே பேரு."

ஒரே பேரு.
"உங்க இடவகையில எத்தனை சூசையடிமை?" என்று கேட்டேன்.
விரல் மடக்கினார். கட்டைவிரலில் நின்றார்.
"அஞ்சு. செத்தவங்களைச் சேக்கல்ல."
"அப்போ தபால்காரர்?"
"வட்டப்பேரு சொல்லணும். நான் கட்டா சூசை."
சொன்னதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

போனுக்கும் வட்டப்பேர் உண்டு.
பெட்டியில் அச்சடித்தது ஞானஸ்நானப் பேர்,
விளம்பரத்துக்கு வைத்தது.
உள்ளே சிப்புக்குத் தெரிந்தது வேறு.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு
ஓலை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர் சொல்லட்டும் என்று.
நானும் மூன்று வாசிப்பேன்.

முதலாவது, முதுகு.
டார்ச் அடித்தால்தான் தெரிகிற எழுத்து. கடைசியில் எஃப்.
நான் இறக்கி வைத்திருக்கும் கோப்பும் எஃப்.
இரண்டாவது, செட்டிங்ஸ்,
கீழே, இன்னும் கீழே, 'போனைப் பற்றி'.
அங்கேயும் எஃப்.
சூசை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார்.
"பொறவென்ன, ஏத்து மோளே."

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு போன் கிடக்கிறது.
நர்சிங் படித்த ஷெர்லின் பிரபாவுடையது.
அன்றைக்கு இரண்டு ஓலையோடு நிறுத்திவிட்டேன்.
எண்பது சதவீதத்தில் இருண்டது.
சார்ஜில் போட்டால் சூடுகூட ஏறவில்லை.
செங்கல் ஆகிவிட்டது என்போம் எங்கள் பாஷையில்.
செங்கலென்றால் சுவராவது கட்டலாம்.
ஏழாயிரம், நாலு தவணை.
கடைசித் தவணையை அவள் வாங்க மறுத்தாள்.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அணைத்தேன்.
ஒலி குறைக்கும் பொத்தானும் பவரும் சேர்த்து அழுத்தி
கேபிளைச் செருகினேன்.
கறுப்புத் திரை. பூட்லோடர் மட்டும் விழித்திருந்தது,
வால்பேப்பர் இல்லை, மாதா படம் இல்லை, நேரம்கூட இல்லை.
கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினேன்:
நீ யார்?

ஜி.

மறுபடி தட்டினேன். ஜி.
வெளியே குலைவண்டி பின்னால் எடுத்தது.
கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
மறுபடி.
ஜி.

"இதுக்க முதுகை மாத்தினீங்களா?"
"நானா? ஷார்ஜாவில செகண்ட்ஸ்ல எடுத்தது.
எடுக்கும்பமே முதுகு மட்டும் புத்தம்புதுசு..."
அவரே நிறுத்திக்கொண்டார்.
முதுகை மாற்றியவன்
செட்டிங்ஸிலும் பேரைத் திருத்தியிருக்கிறான்.
விலை கூடுதலான பேர்.

"ஒரு எழுத்துதானே மோளே."
"ஒரு எழுத்துதான்.
சாளை வலையில சுறா ஏறினா?"
"வலை போவும்," என்றார், யோசிக்காமல்.
பிறகுதான் யோசித்தார்.

ஜி-க்கு யாராவது செய்திருக்கிறார்களா என்று
ஒரு மணிநேரம் தேடினேன். யாரும் இல்லை.
இருநூறு வீடியோவை அவர் ஒவ்வொன்றாய்ப் பார்த்து
நூற்றைம்பதை அழிக்கச் சம்மதித்தார்.
கிடைத்த இடத்தில் மேப்பின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டேன்.
திறந்தது. மெதுவாக.
கரை முதலில் வந்தது. நீலம் பிறகு.

"எவ்வளவு நாள் ஓடும்?"
"தெரியாது."
அம்பது ரூபாய் வாங்கினேன்.
படியில் இறங்கியவர் திரும்பி வந்தார்.
"இதுக்க வட்டப்பேரை எழுதித் தா."

பில் தாளின் பின்பக்கம் எழுதினேன்,
எண்கள் முழுசும், கடைசியில் ஜி, அடிக்கோடு போட்டு.
நாலாய் மடித்துக் கவருக்குள் வைத்தார்,
முதுகிலிருந்த அந்த எஃப்பின் மேலேயே.