புள்ளி

சுவரில் மீன் ஆணம் பட்ட இடத்தை
உம்மா இரண்டு தடவை தேய்த்தாள்.
மஞ்சள் போகவில்லை.
"பேப்பர் என்னாச்சு" என்றுதான் வாப்பா கேட்டார்.
தட்டு என் கையிலிருந்து எப்போது கிளம்பியது,
எனக்கே தெரியாது.

மறுநாள் யாரும் அதைப் பேசவில்லை.
ஹாரிஸ் மட்டும்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
என் பாயைத் தாண்டிப் போனான்,
தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல.
ஒன்பது வயது அவனுக்கு.

மதுரையில் நைட் டூட்டிக்கு நடுவே
ருமைசா ராத்தா கூப்பிட்டாள்.
புத்தி சொல்லவில்லை.
"வருதுன்னு தெரிஞ்சா ஒரு புள்ளி அனுப்பு.
வேற எதுவும் டைப் பண்ணாத."

வருகிறதென்று எப்படித் தெரியும்?
மண்டபம் ஐஸ் பிளான்ட்டில் நின்று யோசித்தேன்.
அச்சைத் தண்ணீரில் இறக்கியதும்
பார் உடனே கழன்றுவிடாது.
முதலில் ஓரத்தில் சின்னதாக ஒரு சத்தம்.
எனக்கு அது காதுமடலில் வருகிறது,
சூடாக.

முதல் புள்ளி பிந்திப் போயிற்று.
அனுப்பும்போதே போன் கண்ணாடி உடைந்திருந்தது.
இரண்டாவதும் அப்படித்தான்,
உடைந்தது வேறு.

மூன்றாவது,
சந்தியாகு படகு டிரைவர்
ஐஸ் பாதி தண்ணியென்று
என் உம்மாவை இழுத்துப் பேசிய அதிகாலை.
வலது கையில் கொக்கி.
இடது கையில் போன்.
புள்ளி போனது.
மணி அடித்தது.
"இன்னிக்கு எத்தனை பார் ஏத்தின?"
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்றில் குழம்பி
மறுபடி ஒன்றிலிருந்து.
முடிக்கும்போது படகு துறையில் இல்லை.
கொக்கி தரையில் கிடந்தது,
எப்போது வைத்தேனோ.

பேப்பர் இன்னும் பாக்கிதான்.
நவம்பரில் எழுதுவேன், இல்லையென்றால் ஏப்ரலில்.
ஹாரிஸ் இப்போது செருப்போடு நடக்கிறான்,
என் பக்கம் வரும்போது மட்டும்
கொஞ்சம் மெதுவாக.

நேற்று மதியம் வாப்பா போனிலிருந்து
ஒரு வாய்ஸ் மெசேஜ்.
பதினொரு வினாடி. பேச்சே இல்லை.
வேதாளைக் கரையின் கச்சான் காற்று,
கயிறு உரசுகிற சத்தம்,
இன்றைக்கும் டோக்கன் இல்லையென்று
தூரத்தில் யாரோ.
அவருக்குப் புள்ளி போடத் தெரியாது.
யார் சொன்னார்கள் அவருக்கு?

உடனே கூப்பிட்டேன்.
எதைக் கேட்பதென்று தெரியாமல்
"எத்தனை படகு கட்டிக் கிடக்கு வாப்பா,
எண்ணுங்க" என்றேன்.
காற்று.
வெகுநேரம் காற்று மட்டும்.
பிறகு "ம்" என்றார்.
பிறகு,
"ஒண்ணு."