உறைபனிக்கு ஒரு மெழுகுவர்த்தி

ஜூலை பிறந்தும் புருயாகூவில் உறைபனி இல்லை.
சுல்மா மஞ்சள் ஒட்டட்டையைக் கழற்றி
உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணுகிறாள்:
நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதிமூன்று,
கடைசியொன்று இன்னும் கால் உதைக்கிறது.

அரிசிமணி அளவுகூட இல்லாத தத்துப்பூச்சி.
நெற்றியில் இரண்டு கரும்புள்ளி,
கண்ணென்று நினைத்தால் கண் அல்ல.

கடிக்காது. ஊசிவாயை நரம்பில் இறக்கி
ஓடுகிற சர்க்கரையை உறிஞ்சும்.
சீக்குச் செடியில் குடித்தால்
திருகு வடிவில் ஓர் உயிர் கூடவே ஏறிக்கொள்ளும்.
குடலைத் தாண்டி எச்சில் சுரப்பிக்கு வர
மூன்று வாரம்.
அப்புறம் குடிக்கிற இடமெல்லாம் கொஞ்சம் துப்பும்.

மார்ச்சில் அவள் மக்காச்சோளம்
இடுப்புக்கு மேல் எழவில்லை.
இலையெல்லாம் சிவப்பு.
ஒரே கணுவில் ஆறு கதிர்,
ஆறும் பொக்கை.

சீக்கைச் சுமக்கும் பூச்சி
குளிரைக் கூடுதலாகத் தாங்குமாம்,
ஆய்வுநிலையத்துப் பையன் சொன்னான்.
ஏறிய பயணி சும்மா ஏறவில்லை,
டிக்கெட் எடுத்திருக்கிறது.

உறையட்டும் என்று சுல்மா
கன்னிமாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.
வேலிக்கு அந்தப்புறம்
எலுமிச்சைத் தோட்டக்காரி நிமியா, அவள் தங்கை,
உறைய வேண்டாம் என்று அதே மாதாவுக்கு ஏற்றினாள்.
விடியலில் நான்கு டிகிரி.
இருவருக்கும் இல்லாத பதில்.

லாரி சிந்திய மணிகள்
சாலையோரம் தானாய் முளைத்திருக்கின்றன.
அநாதைச் சோளம் என்பார்கள் இங்கே.
யாரும் விதைக்காத அந்தப் பச்சையில்தான்
குளிர்காலத்தைக் கழிக்கிறது அது,
நம் காதுக்கு எட்டாமல்
தண்டு வழியே துணையைத் தட்டி அழைத்தபடி.

மண்வெட்டியோடு வருகிறாள் சுல்மா.
இந்தப் பக்கம் குனிந்தால்
பக்கவாட்டில் நழுவி இலைக்குப் பின்னால்.
அந்தப் பக்கம் போனால்
இந்தப் பக்கம்.